முத்தாக நின்ற நீர்

செப்டம்பர் 2, திங்கள்

காலை உணவுக்குப் போகும் வழியில் ரெஜினா மேரி சறுக்கினாள். விழவில்லை, என் தோளைப் பிடித்துத் தொங்கினாள். எழுபத்தெட்டு கிலோ. ஒரு தலைமையாசிரியை ஓய்வு பெற்றபின் இவ்வளவு சாப்பிட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டேன். கண் தெரியாதவள் வேறென்ன செய்வாள், தட்டுதானே கைக்கு எட்டுகிறது என்றாள். அவளுடைய இரு கண்களிலும் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் தெரிவதை வைத்து உலகத்தை ஊகிக்கிறாள்.

அறைகள் இருக்கும் கட்டடத்திலிருந்து உணவுக்கூடத்துக்கு இறங்கும் சாய்தளத்துக்குக் கைப்பிடி இல்லை. இடப்பக்கம் சுவர். வலப்பக்கம் அரையடி உயர விளிம்பு. அதன்மேல் முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிய கறுப்புக் கிரானைட். அதற்கப்பால் ஆறடிப் பள்ளம், பள்ளத்தில் அழகுக்காகப் பரப்பிய மலைக்கற்கள். முதியவர்களுக்காக என்று விளம்பரம் செய்து இதைக் கட்டியவர் தம் தாயை இங்கே குடிவைக்கவில்லை.

மாலையில் குடியிருப்போர் குழு கூடியது. கைப்பிடி வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. மேலாளர் கிருபாகரன் ஒரு சிக்கலைச் சொன்னார். சாய்தளத்துக்குக் கீழே இருப்பது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. அந்த விளிம்பு தொட்டிச் சுவரின் தலைப்பகுதி. துளையிட்டால் கசியும்.

குழுத் தலைவர் எழுந்தார். டாக்டர் சபாநடேசன், எண்பத்தொரு வயது, வலது கையில் நடுக்கம். துளை எதற்கு, எபாக்சி இருக்கிறதே என்றார். எஃகுக் கால்களின் அடித்தகடுகளைக் கிரானைட்டின்மேல் ஒட்டிவிடலாம். வாழ்நாள் முழுவதும் பசைகளோடு இருந்தவன் சொல்கிறேன் என்றார். கைதட்டினார்கள்.

நானும் வாழ்நாள் முழுவதும் பசைகளோடுதான் இருந்தேன். பதினோரு ஆண்டுகள் அவருக்குக் கீழே, அதே ஆய்வுக்கூடத்தில். நான் இங்கே வந்து சேர்ந்த ஆறாவது மாதம் அவர் வந்து சேர்ந்தார். என்னைத் துரத்திக்கொண்டு வரவில்லை. அவருடைய மகன் இந்த இடத்தை இணையத்தில் பார்த்திருக்கிறான். முதல் நாள் சாப்பாட்டு வரிசையில் என்னைக் கண்டதும், "மிஸ் குமுதவல்லி, நீங்களும் இங்கேதானா" என்றார். முனைவர் பட்டம் வாங்கி நாற்பத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் மிஸ்.

செப்டம்பர் 6, வெள்ளி

துப்புரவு வேலை பார்க்கும் மயிலாத்தாள் சாய்தள விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பழைய துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கிரானைட்டைத் தேய்ப்பாள். கேட்டதற்கு, "கல்லு மினுமினுன்னு இருக்கோணுமுங்கம்மா. கட்டுன நாள்லருந்து நாந்தேன் இதைத் தொடைக்கிறேன்" என்றாள். எட்டு ஆண்டுகள். நானூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள்.

மதியம் அவரைக்காய்க் கூட்டு. உப்பு இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

அறிவிப்புப் பலகையில் சபாநடேசனின் செய்முறைத் தாள். கையெழுத்து நடுங்குகிறது, கர்வம் நடுங்கவில்லை. ஒட்டும் இடத்தை எண்பதாம் எண் உப்புத்தாளால் நன்கு தேய்க்க வேண்டும். தூசியைத் தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பசையையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் சம அளவில் கலந்து, தடவி, அழுத்தி, ஏழு நாள் விட வேண்டும். கீழே முழுப்பெயர், பட்டங்கள், வகித்த பதவி.

இருமுறை படித்தேன். முதல் படி இல்லை.

எபாக்சியைப் பற்றி எல்லோரும் அது எவ்வளவு வலிமையானது என்றுதான் பேசுகிறார்கள். வலிமையானதுதான். ஆனால் அது எதைத் தொடுகிறதோ அதைத்தான் பிடிக்கும். கல்லின்மேல் எண்ணெய் இருந்தால் எண்ணெயைப் பிடிக்கும். எண்ணெய் எதையும் பிடிக்காது. எனவே முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். பிறகு தேய்க்க வேண்டும். தேய்த்தபின் மறுபடியும் எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிய துணியால். எண்ணெயை எடுக்காமல் தேய்த்தால், தேய்ப்பு உண்டாக்கிய ஒவ்வொரு கீறலுக்குள்ளும் அந்த எண்ணெயே போய் அமரும். பிறகு மேலே துடைப்பது வாசலைப் பெருக்கிவிட்டு வீடு சுத்தம் என்று சொல்வதுபோல.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு மாதிரித் துண்டுகளை ஒட்டி, இழுத்து, உடைத்துப் பார்த்துச் சொன்னது. எடுத்து, தேய்த்து, எடுத்தவை சதுர சென்டிமீட்டருக்கு நூற்றெண்பது கிலோ தாங்கின. எண்ணெயோடு தேய்த்தவை முப்பத்தொன்று. ஒட்டுவதற்கு முன்பே இரண்டையும் பிரித்தறிய ஒரு வழியையும் எழுதினேன். நீர் தெளித்துப் பார்ப்பது. சுத்தமான பரப்பில் நீர் தாள்போல் விரியும். எண்ணெய் இருந்தால் முத்து முத்தாக நிற்கும்.

1981இல் கட்டுரை வெளிவந்தது. ஒரே பெயர். கடைசிப் பக்கத்தின் அடியில், மாதிரித் துண்டுகளைத் தயாரிப்பதில் உதவிய குமாரி குமுதவல்லிக்கு நன்றி. அந்தக் கட்டுரைதான் அவரை இயக்குநர் நாற்காலியில் உட்கார வைத்தது. நாற்காலி என்றதும் நினைவு வருகிறது. உடைந்த நாற்காலி ஒன்றை ஒட்டி, அமைச்சர் வந்தபோது அதன்மேல் ஏறி நின்று காட்டினார். எதையும் தம் உடம்பால் நிரூபித்துக் காட்டும் வழக்கம் அவருக்கு உண்டு. அந்த நாற்காலியை ஒட்டியவளும் நான்தான்.

இப்போது அந்த முதல் படியை மறந்துவிட்டார். திருடியதை நினைவில் வைத்திருக்கும் பொறுப்புகூட இல்லாத மனிதர்.

செப்டம்பர் 13, வெள்ளி

மயிலாத்தாள் துடைத்தாள். கல் மினுமினுத்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

இன்று ஒட்டினார்கள்.

ஒப்பந்தக்காரர் அனுப்பிய முபாரக் என்பவர் வேலை செய்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கால் வலி உள்ளவர். சாக்கை மடித்துப் போட்டு மண்டியிட்டார். சபாநடேசனின் தாளைக் கல் வைத்துப் பக்கத்தில் விரித்திருந்தார். பன்னிரண்டு இடங்கள். நான் செய்தித்தாளோடு மரநிழல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

நேர்மையான உழைப்பு. ஒவ்வோர் இடத்தையும் தோள் நோகத் தேய்த்தார். கல்தூளும் எண்ணெயும் சேர்ந்து சாம்பல்நிறக் குழம்பு வந்தது. பிறகு பனியன் கம்பெனிக் கழிவுத்துணியான வேஸ்ட்டைத் தின்னரில் நனைத்துத் துடைத்தார். ஒரே பிடி வேஸ்ட், பன்னிரண்டு இடங்களுக்கும். முதல் இடத்தின் எண்ணெய் பன்னிரண்டாம் இடம்வரை யாத்திரை போயிற்று.

பதினொரு மணிக்குத் தேநீருக்குப் போனார். நான் எழுந்துபோய், என் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஏழாவது இடத்தில் சிறிது ஊற்றினேன்.

முத்தாக நின்றது. சிறியவை, உருண்டையானவை, ஒன்றோடொன்று சேராதவை. நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பார்க்க அழகாகவே இருந்தது.

புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். ஈரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. நான்தான் வேலையைக் கெடுத்தேன் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது.

முபாரக் திரும்பி வந்தவர் நான் குனிந்திருப்பதைப் பார்த்தார். தண்ணீர் சிந்திவிட்டது என்றேன்.

"நீங்களும் சாருகூட வேலை பாத்தவங்கன்னு மயிலாத்தாக்கா சொன்னாங்க" என்றார். "சரியா வருதுங்களாம்மா?"

"தாளில் எழுதியிருப்பதைச் செய்யுங்கள்."

செய்தார். தாளில் எழுதியிருந்ததில் ஒரு சொல்லைக்கூட விடவில்லை.

செப்டம்பர் 18, புதன்

சளி. கஷாயம் கேட்டேன், வெந்நீர் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஏழு நாள் முடிந்தது. குழுவினர் ஒவ்வொருவராகப் போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் யானையைக் கட்டலாம் என்றார். உள்ளங்கையால் ஆட்டிப் பார்ப்பவர்களுக்கு உலகில் எல்லாமே உறுதிதான். வெயிலில் எஃகு விரியும், கல் அவ்வளவு விரியாது. மழை விளிம்பு வழியே உள்ளே புகும். அதற்குப் பிறகு ஒருவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்தால், மூன்றடி உயரக் கால் நெம்புகோலாக மாறித் தகட்டின் ஒரு விளிம்பைத் தூக்கும். ஒட்டு அங்கேதான் கிழியும், கடிதத்தின் உறை கிழிவதுபோல.

நிறுவனத்தின் உரிமையாளர் சிங்கப்பூரிலிருந்து வந்து திறந்துவைக்க வேண்டுமாம். அக்டோபர் 19. அதுவரை யாரும் தொடக் கூடாது என்று மஞ்சள் நாடா சுற்றிவிட்டார்கள். ஒரு கைப்பிடிக்குத் திறப்புவிழா. இந்த நாட்டில் கழிப்பறைக்கும் கல்வெட்டு உண்டு.

அக்டோபர் 3, வியாழன்

நல்ல மழை.

ரெஜினா நாடாவுக்கு மேலாகக் கையை நீட்டிக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இறங்கினாள். அவளை இழுத்துச் சுவர்ப் பக்கம் விட்டேன்.

"ஏட்டி, அதைத்தான் ஒட்டியாச்சே?"

"அதைப் பிடிக்காதே."

"திறந்ததுக்கப்புறம் பிடிக்கலாம்லா?"

"அப்போதும் பிடிக்காதே. என் கையைப் பிடி."

அவள் முகத்தைத் திருப்பி, ஓரப்பார்வையால் என்னைத் தேடினாள். கண் தெரியாதவர்களிடம் பேசும்போது முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று இதுவரை நினைத்திருந்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

காலை பத்து மணிக்குச் சபாநடேசன் கதவைத் தட்டினார். என் அறைக்கு அவர் வருவது முதல்முறை. உட்காரச் சொன்னேன். கையில் ஓர் உறை. உள்ளே 1981ஆம் ஆண்டுக் கட்டுரையின் பிரதி, மஞ்சளாகிப்போனது. மகன் வீட்டுப் பரணில் கிடந்ததாம்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தும் தட்டிலும் மடியிலும் சிந்திற்று. துடைக்கத் துணி கேட்டார். நான் கொடுக்கத் தாமதித்தேன்.

நெடுநேரம் மழையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசினார். பிறகு கட்டுரையை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல உங்க பேர்தான் முதல்ல வந்திருக்கணும், மிஸ் குமுதவல்லி."

நாற்பத்துமூன்று ஆண்டுகள். இந்த வாக்கியத்தை எத்தனை விதமாக எழுதி வைத்திருந்தேன், எத்தனை சபைகளில் அவரைச் சொல்ல வைத்திருந்தேன். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் காப்பிக் கறையோடு சொன்னார்.

பத்தொன்பதாம் தேதி மேடையில் எல்லோர் முன்னும் இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன்.

அவர் நிஜமாகவே வியந்தார். "இப்ப அதைச் சொல்லி என்ன ஆகப்போறது? அதுல இருந்தவங்கள்ல நாம ரெண்டு பேர்தான் மிச்சம்."

அவர் எழுந்தார். வாசலில் நின்று, கேட்க வந்ததைக் கேட்டார்.

"கைப்பிடியைப் பார்த்தேளா? எனக்கு இப்பல்லாம் சில விஷயம் விட்டுப்போறது. உங்க கண்ணு பார்த்துச் சரின்னு சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

ஆக, அந்த வாக்கியம் இந்தக் கேள்விக்கான முன்பணம்.

"நன்றாக ஒட்டியிருக்கிறது" என்றேன்.

அது பொய் அன்று. ஒட்டியிருந்தது. எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஓர் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தவர், எண்ணைக் கேட்காமல் போனார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுதபூஜை. கைப்பிடியின் பன்னிரண்டு கால்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கால்களுக்கு நடுவே மீதமிருந்த கல்லை மயிலாத்தாள் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவளிடம் நிறுத்தச் சொல்லவில்லை.

பொரியும் கடலையும் பல்லுக்கு ஆகவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

மூன்று நாளாக விடாத மழை. நான்காவது, ஏழாவது, எட்டாவது தகடுகளின் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு. கண்ணாடி போட்டால் தெரிகிறது. கண்ணாடி போடாமல் இருந்தால் தெரியாது.

அக்டோபர் 18, வெள்ளி

நாளைய நிகழ்ச்சி நிரலைக் கிருபாகரன் கதவடியில் தள்ளிவிட்டுப் போனார். இறைவணக்கம், உரிமையாளர் நாடா வெட்டுதல், தலைவர் உரை, 'கைப்பிடியின் உறுதியைத் தலைவரே செய்து காட்டல்', சிற்றுண்டி.

நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகளுக்கும் சோதனைக்கு முன்பு ஒரு விதியை எழுதிவைப்பது என் வழக்கம். முடிவைப் பார்த்தபின் விதியை மாற்றக் கூடாது. இன்றும் எழுதுகிறேன்.

நாளை உரையில் அவர் என் பெயரைச் சொன்னால், எந்தக் காரணத்துக்காகச் சொன்னாலும், எழுந்து நிறுத்துவேன். சொல்லாவிட்டால் எழமாட்டேன்.

இதுவும் நீர் தெளித்துப் பார்ப்பதுதான்.

அக்டோபர் 19, சனி

வெயில் அடித்தது. நாற்பது நாற்காலிகள். நான் முதல் வரிசையில், வலது ஓரத்தில். என் இடப்பக்கம் ரெஜினா.

உரிமையாளர் நாடாவை வெட்டிவிட்டுக் கைபேசியைப் பார்த்தார். சபாநடேசன் ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் கை நடுங்கியதில் ஒலிபெருக்கி இரைந்தது. பசையின் வரலாறு. தம் ஆய்வுக்கூடம். "ஒரு காலத்தில் எனக்கு உதவியாக" என்று அவர் தொடங்கியபோது நான் நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்துவிட்டேன். என் கைகள் நாற்காலியின் கைகளில் ஊன்றியிருந்தன. எனக்கு உதவியாகப் பல இளைஞர்கள் இருந்தார்கள் என்று முடித்தார்.

பிறகு, இந்த வேலையை நானே நேரில் பரிசோதித்து உறுதி செய்திருக்கிறேன் என்றார்.

நான் பின்னால் சாய்ந்துகொண்டேன்.

அவர் சாய்தளத்தில் ஏறினார். ஏழாவது காலுக்கும் எட்டாவது காலுக்கும் நடுவே நின்றார். ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். தலையசைத்தார். நானும் அசைத்தேன் என்று ரெஜினா பிறகு சொன்னாள். அவளுடைய ஓரப்பார்வைக்கு அது எப்படித் தெரிந்ததோ. எனக்கு நினைவில்லை.

கைப்பிடிக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து, முழு உடம்பையும் அதன்மேல் போட்டுச் சாய்ந்தார். புகைப்படம் எடுத்தார்கள்.

பெரிய ஓசை இல்லை. நாக்கைச் சப்புக்கொட்டுவது போன்ற சிறு ஓசைகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஏழு, எட்டு, ஆறு, ஒன்பது. நாற்பது பேர் எழுந்தார்கள். நாற்காலிகள் விழுந்தன. சபாநடேசன் அங்கே இல்லை.

நான் சாய்தளத்துக்குப் போனேன். முதலில் தகட்டைப் பார்த்தேன். பசை முழுவதும் எஃகோடு வந்திருந்தது, தகட்டளவு, ஓரம் சிதையாமல். கல்லின்மேல் ஒரு துணுக்குகூட இல்லை. உப்புத்தாளின் கீறல்கள் வரிவரியாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தன. பாடப்புத்தகத்தில் போடத்தக்க மாதிரி.

பிறகு கீழே பார்த்தேன். பிறகு ஆம்புலன்ஸுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மற்றவர்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்ததால் முகவரியைத் தெளிவாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்தியே.

அக்டோபர் 20, ஞாயிறு

சபாநடேசனுக்கு இடுப்பெலும்பும் மூன்று விலா எலும்புகளும் முறிந்திருக்கின்றன. சிற்றுண்டிக்கு வாங்கிய ஜாங்கிரியை இன்று பரிமாறினார்கள்.

அக்டோபர் 21, திங்கள்

ஒப்பந்தக்காரர் முபாரக்கை வேலையைவிட்டு நிறுத்திவிட்டாராம். காவல் நிலையத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். மயிலாத்தாள் சொன்னாள். "அந்த மனுசன் சாரு எளுதுனதைத்தானுங்கம்மா செஞ்சாரு. நீங்ககூடப் பாத்துட்டிருந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லுங்களே."

தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 23, புதன்

மருத்துவமனைக்குப் போனேன். மகன் சாப்பிடப் போயிருந்தான். சபாநடேசனின் கண்கள் திறந்திருந்தன. ஆரஞ்சுப் பழம் கொண்டுபோயிருந்தேன். அவரால் சாப்பிட முடியாது என்று தெரிந்தும் வேறெதுவும் வாங்கத் தோன்றவில்லை.

அவரே பேசினார்.

"தண்ணி தெளிச்சுப் பார்த்தேளா?"

"பார்த்தேன்."

"ஒட்டறதுக்கு முன்னாடியா?"

"ஆமாம்."

"எப்படி நின்னுது?"

"முத்தாக."

அவர் கூரையைப் பார்த்தார். மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாய்க்குக் கீழே உதடு அசைந்தது. சிரிப்பா வலியா என்று சொல்லத் தெரியவில்லை. "முதல்ல எண்ணெயை எடுக்கணும்" என்றார். "எழுதறப்ப அது ஞாபகம் வரலே. அது என்னோடது இல்லையோன்னோ."

மகன் வந்துவிட்டான். அப்பாவின் பழைய உதவியாளரா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 6, புதன்

விடியற்காலை சபாநடேசன் நுரையீரல் தொற்றில் இறந்தார். நாங்கள் பதினான்கு பேர் வேனில் போய் வந்தோம். ரெஜினா என் பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் காற்று வரும் என்றாள்.

நவம்பர் 11, திங்கள்

அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். சபாநடேசன் இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு மகனிடம் சொல்லி எழுதவைத்து, நடுங்கும் கையெழுத்திட்ட விபத்து அறிக்கை. காவல் நிலையத்துக்கும் ஒரு படி கொடுத்திருக்கிறார்கள்.

நல்ல அறிக்கை, அதை மறுக்க மாட்டேன். கிரானைட்டின்மேல் பல ஆண்டு எண்ணெய்ப்படலம் இருந்தது. தேய்ப்பதற்கு முன் அதை நீக்கவேண்டும் என்ற படியை நான் எழுதவில்லை. தொழிலாளி என் எழுத்துப்படியே நடந்தார். அவர்மீது குற்றம் இல்லை. ஒட்டின் தரம் குறித்து நான் வேறு எவரையும் கலந்தாலோசிக்கவில்லை. முழுப்பொறுப்பும் என்னுடையது.

ஒரே பெயர்.

அதற்கும் கீழே, தாளின் அடியில், இன்னும் ஒரு வரி. விபத்தின்போது ஆம்புலன்ஸை அழைத்து உதவிய மிஸ் குமுதவல்லிக்கு நன்றி.

அங்கேயே நின்று எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள், எவ்வளவு பெருந்தன்மை, யார்மீதும் பழி போடாமல் போய்விட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முபாரக்கை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்களாம்.

நவம்பர் 13, புதன்

கிருபாகரனின் அறைக்குப் போய் ஒரு திருத்தத்தைக் கொடுத்தேன். தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு. செப்டம்பர் 17 அன்று ஒட்டுவதற்கு முன்பே பரப்பை நீரால் சோதித்தவளும், குறையை அறிந்தவளும், அக்டோபர் 10 அன்று தலைவர் கேட்டபோது ஒப்புதல் அளித்தவளும் முனைவர் க. குமுதவல்லி. அறிக்கையில் இதைச் சேர்க்க வேண்டும்.

அவர் படித்துப் பார்த்தார். எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இளைஞர்கள் நம் கையைப் பிடித்துக்கொள்ளும்போதே தெரிந்துவிடும், சொல்வதைக் கேட்கப் போவதில்லை என்று.

"ரொம்ப வருஷம் சார்கூட வேலை பாத்தீங்க மேடம். மனசு என்னென்னமோ நினைக்கும். எங்க பாட்டிகூட தாத்தா போனப்ப, நான்தான் சரியா பாத்துக்கலைன்னே சொல்லிட்டிருந்தாங்க."

நான் அவருடைய பாட்டி அல்லேன், சபாநடேசன் என் கணவரும் அல்லர் என்றேன். தண்ணீரால் சோதித்தேன் என்பது உண்மை என்றேன். அதற்குச் சாட்சி உண்டா என்று அவர் கேட்கவுமில்லை. கேட்டிருந்தாலும், நான் துடைத்துவிட்டேன்.

"சாரே முழுப்பொறுப்புன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. ஸ்டேஷன்லயும் முடிச்சுட்டாங்க. இப்ப அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது, மேடம்?"

தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தார். இரவில் தூங்குவதற்கு டாக்டரிடம் சொல்லி ஏதாவது கொடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

நவம்பர் 15, வெள்ளி

தாளை ரெஜினாவிடம் கொண்டுபோனேன். அவளால் படிக்க முடியாது. எனவே படித்துக் காட்டினேன். இந்தக் கட்டடத்தில் அதை நம்பக்கூடியவள் அவள் ஒருத்தியே என்று எனக்குத் தெரியும்.

கேட்டு முடித்து, மடியிலிருந்த ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ வாசிச்சிருக்கவே வேண்டாம்ட்டி. அன்னைக்கு என்னைச் சுவரோரமா இழுத்துவிட்டேல்லா, அன்னைக்கே தெரியும்."

தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்னை மட்டும் காப்பாத்துனியே, அதுல கொஞ்சம் சந்தோஷமா இருந்துது. அதான் எனக்கு இப்ப ராத்திரி தூக்கம் கிடையாது." பிறகு, "நாளையிலேருந்து மயிலாத்தாவ வரச் சொல்லியிருக்கேன், என்னைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போக" என்றாள்.

திரும்பும் வழியில் சாய்தளத்தில் நின்றேன். மீதமிருந்த கால்களையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். எடுக்கப் பெரிய முயற்சி தேவைப்படவில்லையாம். பன்னிரண்டு சதுரங்கள், கீறல்களோடு, வரிசையாக. மயிலாத்தாள் அவற்றின்மேலும் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீறல் மறைய நாளாகும் என்றாள்.

வலது கையை நீட்டினேன். பிடிக்க அங்கே எதுவும் இல்லை. சுவர்ப் பக்கமாக, தனியாக இறங்கினேன்.

மதியம் அவரைக்காய்க் கூட்டு. உப்பு சரியாக இருந்தது.